பாட்டிக்குப் பிடிக்காத தங்க நிறம்: குறும்படத்துக்குக் கலர் யோசனை வேண்டும்

செம்பனைப் பொடியன், சுங்கை சிப்புட்

வணக்கம். பன்னிரண்டு நிமிடக் குறும்படம் ஒன்று எடுத்திருக்கிறேன். முதல் பாதி எங்கள் ரப்பர் தோட்டத்தில் 1970களில் நடக்கிறது, லயத்து வீடு (தொழிலாளர் வரிசை வீடு), பெரட்டு (காலை ஆள்கணக்கு), பால்வெட்டு எல்லாம். இரண்டாம் பாதி அதே இடம் 2057இல், அதாவது மெர்டேக்காவுக்கு (மலேசிய சுதந்திரத்துக்கு) நூறு வயது ஆகும்போது. தோட்டமும் இல்லை, மனிதர்களும் அதிகம் இல்லை, எந்திரம்தான் எல்லாம் செய்கிறது. எடிட்டிங் முடிந்து டாவின்சி ரிசால்வ் மென்பொருளில் (இலவசப் பதிப்புதான்) கலர் போட உட்கார்ந்தபோது பெரிதாக யோசிக்கவில்லை. பழையது என்றால் இதமான மஞ்சள், சாயங்கால வெயில் மாதிரி. எதிர்காலம் என்றால் சாம்பலும் நீலமும், இருக்கிற கலரையும் முக்கால்வாசி உறிஞ்சி எடுத்துவிட்டேன். யூடியூபில் எல்லாரும் சொல்லித் தருவது இதுதானே, நல்ல உலகத்துக்குச் சூடான நிறம், கெட்ட உலகத்துக்குக் குளிர்ந்த நிறம்.

போன ஞாயிறு வீட்டு டிவியில் போட்டுக் காட்டினேன். என் பாட்டி முப்பத்தொரு வருடம் பால் வெட்டியவர். முதல் பாதி ஓடும்போது ஒன்றும் பேசவில்லை, கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துத் திரும்பப் போட்டுக்கொண்டார். அப்புறம் கேட்டார், "என்னப்பா, எல்லாருக்கும் மஞ்சக்காமாலையா?"

சிரித்துவிட்டோம். ஆனால் அவர் விடவில்லை. "நாங்க மரத்துக்குப் போறப்ப வெயில் எங்க இருந்துச்சு? தலையில வெளக்கக் கட்டிக்கிட்டுப் போனா முன்னால இருக்கிற மரந்தான் தெரியும், அடுத்த மரம் தெரியாது" என்றார். ரப்பர் இலை சிவந்து உதிர்கிற காட்சி ஒன்று இருக்கிறது, பக்கத்துக் கம்பத்தில் (கிராமத்தில்) ஒருவருடைய சிறுதோட்டத்தில் அனுமதி கேட்டு பிப்ரவரியில் எடுத்தது, ஸ்லோ மோஷன், படத்திலேயே நான் ரொம்பப் பெருமைப்பட்ட ஷாட். அதைப் பார்த்து, "எல கொட்டுற மாசம் பால் இறங்காது, கடையில கடன் ஏறும்" என்று முடித்துவிட்டார். கடைசியில் நான் பயமுறுத்துவதற்காகப் போட்ட 2057இன் சாம்பல் நிறம் வந்ததும் முகம் கொஞ்சம் மலர்ந்தது. "இது நல்லாருக்கு, மழ வர்ற மாதிரி." ஒரு நொடி கழித்து, "மழ வந்தா அன்னிக்குக் கூலி இல்ல, அது வேற."

அன்றிலிருந்து ரிசால்வைத் திறக்கவே மனசு வரவில்லை. என் கேள்வி இதுதான். நிறத்துக்கென்று சொந்தமாக அர்த்தம் இருக்கிறதா, இல்லை படம் பார்த்துப் பார்த்து நாமே பழகிக்கொண்டதா? போட்டிக்கு அனுப்ப இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. திட்டுவதென்றால் திட்டுங்கள், ஆனால் என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கள்.


ஸ்கோப்பைப் பார், கோலாலம்பூர்

தம்பி, உன் பாட்டியை எங்கள் ஸ்டுடியோவுக்கு அனுப்பிவை, சம்பளம் போட்டு வைத்துக்கொள்கிறேன்.

நான் பாகாவ் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், இப்போது விளம்பரப் படங்களுக்குக் கலர் போடுகிறேன். உன் கேள்விக்கு என் பதில்: சொந்த அர்த்தம் கொஞ்சம் உண்டு, அதிகம் இல்லை. ஒரு நிறம் பக்கத்தில் என்ன இருக்கிறது, அதற்கு முன்னால் என்ன வந்தது என்பதை வைத்துத்தான் வேலை செய்யும். 1939இல் வந்த விசார்ட் ஆஃப் ஓஸ் படத்தில் அந்தப் பெண் கதவைத் திறந்து ஓஸ் உலகத்தைப் பார்க்கும் காட்சி இருக்கிறதே, அதற்குக் கம்ப்யூட்டரா இருந்தது? வீட்டின் உள்பக்கத்தை முழுக்கப் பழுப்பு பெயின்ட் அடித்து, நாயகிக்குப் பதிலாக வேறொரு பெண்ணுக்குப் பழுப்பு உடை மாட்டிக் கதவைத் திறக்க வைத்தார்கள். அவள் ஒதுங்கியதும் நீல உடுப்பில் உண்மையான நாயகி உள்ளே வருகிறாள். எல்லாமே கலர் ஃபிலிமில் எடுத்ததுதான்! அந்த இடம் இன்றைக்கும் சிலிர்க்க வைக்கிறதென்றால் டெக்னிகலர் மட்டும் காரணமில்லை, அதற்கு முன்னால் இருபது நிமிடம் போலப் பழுப்பிலேயே ஓட்டிக் கண்ணைப் பட்டினி போட்டதுதான் காரணம்.

அடுத்து, நீ போட்டிருக்கும் மஞ்சளுக்குத் தாத்தா யாரென்று தெரிந்துகொள். 2000இல் ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ் என்று ஒரு படம். கதை 1930களில் காய்ந்து கிடக்கிற அமெரிக்கத் தெற்கில் நடக்கிறது, படம்பிடித்ததோ மிசிசிப்பியில் கோடையில், எங்கே திருப்பினாலும் பச்சை. ஒளிப்பதிவாளர் ராஜர் டீக்கின்ஸ் ஃபிலிமை ஸ்கேன் செய்து பச்சையை மட்டும் பிடித்து வைக்கோல் நிறமாக மாற்றினார். முழுப்படத்தையும் டிஜிட்டலில் கலர் போடுவது அதன் பிறகுதான் பரவியது. அன்றிலிருந்து பழைய காலம் என்றால் எல்லாரும் அந்த வைக்கோலைத்தான் போடுகிறோம், நம் தோட்டத்தில் வைக்கோலே கிடையாது என்றாலும்.

மேட்ரிக்ஸ் எல்லாருக்கும் தெரியும், 1999. பொய் உலகம் பச்சை, நிஜ உலகம் நீலம். கவனி, இரண்டுமே நோயாளி நிறம்தான், எதுவும் சொர்க்கம் இல்லை. அங்கே நிறம் நல்லது கெட்டது சொல்லவில்லை, எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று மட்டும்தான் சொல்கிறது. அந்தப் பச்சை பழைய கம்ப்யூட்டர் திரையிலிருந்து வந்தது. தியேட்டரில் வந்தபோது இவ்வளவு தடிப்பாக இல்லை, பின்னால் வந்த டிஸ்க் பதிப்புகளில்தான் ஏற்றிவிட்டார்கள்.

அப்புறம் மேட் மேக்ஸ் ஃப்யூரி ரோட், 2015. அதற்குள் உலகம் அழிந்த கதை என்றாலே சாயம் போன துணி மாதிரிதான் இருக்கும் என்று ஆகிவிட்டிருந்தது. ஜார்ஜ் மில்லர் அதைத் திருப்பிப் போட்டார். நமீபியப் பாலைவனத்தைக் கொதிக்கிற ஆரஞ்சாகவும் வானத்தை அடர்ந்த நீலமாகவும் ஏற்றச் சொன்னார். நியாயம்தானே, மனிதன் நாசமாய்ப் போனால் வானத்துக்கு என்ன வந்தது?

உன் பாட்டி சொன்ன இருட்டுக்கு வருகிறேன், அதுதான் உன் படம். நாம் ராத்திரி என்றால் நீலத்தைக் கொட்டுகிறோம். ஆனால் நிஜ இருட்டில் கண்ணுக்கு நிறமே சரியாகத் தெரியாது, நிறம் பார்க்கிற செல்களுக்கு வெளிச்சம் போதாது, சிவப்பு முதலில் கறுத்துப்போகும். அதனால் விளக்கு வட்டத்துக்குள் மட்டும் நிறம் வை, வட்டத்துக்கு வெளியே சாச்சுரேஷனை (நிற அடர்த்தியை) சுத்தமாக இறக்கிவிடு. பட்டையில் வழிகிற பால் மட்டும் ஃபிரேமிலேயே அதிக வெளிச்சமான பொருளாக இருக்கட்டும். மஞ்சளை நாளைக்கே டிலீட் பண்ணு.


சும்மா சொல்றேன், ஷா ஆலம்

கதை நன்றாக இருந்தால் கலரை எவன் பார்க்கிறான்? பாட்டியே பார்த்திருக்கிறார் என்கிறாயா, அவர் உன் பாட்டி, ஜூரி இல்லை.


சுண்ணக்கட்டி, கூலிம்

மேலே எழுதியவருக்கு: கலரைக் கவனிக்காதவர்கள்தான் அதற்கு அதிகம் மயங்குபவர்கள். விளம்பரம் பார்த்துச் சாமான் வாங்குபவர்களைக் கேளுங்கள்.

நான் இடைநிலைப்பள்ளியில் ஓவியம் சொல்லித் தருகிறேன். தம்பி, உன் இரண்டாம் பாதியில்தான் எனக்குச் சந்தேகம். கெட்ட எதிர்காலம் ஏன் சாம்பலாகத்தான் இருக்க வேண்டும்? ஸ்குவிட் கேம் பார்க்காத பிள்ளை என் வகுப்பில் இல்லை (பார்க்கக் கூடாத வயதுதான், என்ன செய்வது). அந்தப் படிக்கட்டை நினைத்துப் பார், இளஞ்சிவப்பும் இளம்பச்சையும் மஞ்சளுமாக, பாலர் பள்ளிச் சுவர் மாதிரி. அதில் ஏறிப் போகிறவர்கள் சாகப் போகிறார்கள். காவலாளிகளுக்கு மிட்டாய் சிவப்பு, ஆட்டக்காரர்களுக்குப் பச்சை டிராக்சூட். 1998இல் வந்த ட்ரூமன் ஷோவிலும் அப்படித்தான், வானம் நீலம், வேலி வெள்ளை, எல்லாம் பளிச், எல்லாம் சிறை.

என் கணக்கில் சாம்பலா பளிச்சா என்பது இரண்டாவது கேள்வி. அந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் முதல் கேள்வி. ஹேண்ட்மெய்ட்ஸ் டேல் நாவலில் பிள்ளை பெற்றுக் கொடுக்கும் பெண்களுக்கு மட்டும் சிவப்பு அங்கி, மனைவிகளுக்கு நீலம், சமையல் செய்பவர்களுக்குப் பச்சை. சிவப்பு அழகான நிறம்தான், ஆனால் ஓடினால் தூரத்திலிருந்தே தெரியும்.

நம் தோட்டத்தையே எடுத்துக்கொள். எங்கள் லயம் முழுக்கத் தலை முதல் கடைசி வரை ஒரே வெள்ளைச் சுண்ணாம்பு, கீழே முழங்கால் உயரத்துக்குத் தார்க் கறுப்பு, கதவு எல்லாம் ஒரே பழுப்பு. கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வீட்டுக் கதவு மட்டும் பச்சை. துரை பங்களாவைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ராத்திரி குடித்துவிட்டு வந்த மாமா ஒருவர் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டி அடிவாங்கிய கதை ஒவ்வொரு தோட்டத்திலும் உண்டு, எண்ணைப் பார்க்காவிட்டால் எல்லா வீடும் ஒன்றுதான். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு நாங்கள் மலிவு விலைத் தாமானுக்கு (குடியிருப்புக்கு) வந்தோம். அப்பா செய்த முதல் வேலை என்ன தெரியுமா? சாமான் இறக்கக்கூட இல்லை, இரண்டு டின் பெயின்ட் வாங்கி வந்து முன்சுவருக்குக் கிளிப்பச்சை, கேட்டுக்கு ஊதா அடித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சீனர் கடை டவுக்கே (முதலாளி) வந்து நின்று பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். ஓவியம் படித்தவளாகச் சொல்கிறேன், அந்த இரண்டு நிறமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஆனால் நல்ல உலகம் என்று யாராவது சொன்னால் எனக்கு அந்தக் கேட்டுதான் ஞாபகம் வரும்.

காலாவின் கடைசிக் காட்சியை நினைத்துக்கொள், 2018. நில அபகரிப்புச் செய்கிறவன் வீடும் உடுப்பும் வெள்ளை, எதிர்க்கிறவன் கறுப்பு, கடைசியில் கறுப்பு, சிவப்பு, நீலம் என்று பொடி பறந்து அந்த வெள்ளை எல்லாம் காணாமல் போகிறது. யூடியூப் சொல்லும் அட்டவணைப்படி பார்த்தால் அது தப்பு.


இருட்டறை மாமா, தெலுக் இந்தான்

தம்பி, நான் டவுனில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தவன். கல்யாணம், பூப்பு நீராட்டு, ஐசி (அடையாள அட்டை) படம் எல்லாம் எடுத்தேன். டிஜிட்டல் வந்து கடையைச் சாத்தினேன், அது வேறு கதை.

அந்த மஞ்சளைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். ஹாலிவுட்காரர்கள் ஏழை நாடு என்றால் மஞ்சள் போடுவார்கள். 2000இல் டிராஃபிக் என்ற படத்தில் மெக்சிகோ முழுக்கப் புகையிலை மஞ்சள், அமெரிக்காவில் பணக்காரக் குடும்பம் வருகிற பகுதி நீலம். அந்தப் படத்தில் அதற்கு ஒரு நியாயம் இருந்தது, மூன்று கதையும் குழம்பாமல் இருக்க. பிறகு வந்தவர்கள் நியாயத்தை விட்டுவிட்டு மஞ்சளை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். 2020இல் எக்ஸ்ட்ராக்‌ஷன் பார்த்தேன், டாக்கா நகரமே மஞ்சள் கரைசலில் ஊறவைத்தது போல இருந்தது. டாக்காவில் மழைக்காலத்துப் பச்சை எப்படி இருக்கும் என்று அங்கிருந்து இங்கே வேலைக்கு வந்திருக்கும் பையன்களைக் கேட்டுப் பார். நீ பாசத்தில் போட்ட மஞ்சளும் அவர்கள் போடும் மஞ்சளும் ஒரே டப்பாவில் இருந்து வருவதுதான். நம்மை நாமே அந்த டப்பாவுக்குள் போட வேண்டாம்.

இன்னொரு விஷயம், தோல். எங்கள் காலத்தில் கோடாக் கம்பெனி லேபுகளுக்கு ஓர் அட்டை அனுப்பும், ஷெர்லி கார்டு என்பார்கள். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி படம் இருக்கும். அவள் முகம் சரியாக வந்தால் மெஷின் சரி. அந்தச் சரியில் நம் ஆட்கள் படத்தைப் போட்டால் மாப்பிள்ளை முகம் கரி, வேட்டி மட்டும் பளிச்சென்று நிற்கும். பெண் வீட்டார் என்னிடம் சண்டைக்கு வருவார்கள், நான் என்னவோ கறுப்பாக்கிவிட்டேன் என்று. ஃபில்டரை ஒவ்வொரு புள்ளியாகத் திருப்பித் திருப்பி, நாலு துண்டு பேப்பர் வீணாக்கித்தான் ஒரு முகத்தை மீட்பேன். கோடாக் தன் ஃபிலிமைத் திருத்தியது கறுப்பு மனிதர்கள் கேட்டதற்காக இல்லை. சாக்லேட் கம்பெனியும் மரச்சாமான் கம்பெனியும் எங்கள் பழுப்பு சரியாக விழவில்லை என்று புகார் செய்ததற்காக. அதைக் கேள்விப்பட்ட அன்றைக்கு எனக்கு வந்த கோபம் இருக்கிறதே.

அதனால் முதலில் உன் நடிகையின் தோலைச் சரியாக நிறுத்து. அதற்குப் பிறகு உலகத்துக்கு எந்த நிறம் வேண்டுமானாலும் கொடு. விளக்கு வெளிச்சத்தில் நம் தோலில் செம்பும் கொஞ்சம் ஊதாவும் இருக்கும், அது மஞ்சள் போட்டால் செத்துவிடும்.


குலைக்கணக்கு, செகாமட்

படம் பற்றி எனக்குத் தெரியாது, செம்பனைத் தோட்டத்தில் மண்டோர் (மேற்பார்வையாளர்). ஆரஞ்சு பற்றி மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்கு ஆரஞ்சு என்றால் சம்பளம். குலை கறுப்பாக இருந்தால் வெட்டக் கூடாது, வெட்டினால் தண்டம். சிவந்து ஆரஞ்சு ஏறி நாலு உதிரிப் பழம் கீழே விழுந்திருந்தால் வெட்டலாம். புது ஆளுக்கு முதல் வாரம் இதைத்தான் காட்டித் தருவேன், அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்கும் வரை.

ஆனால் 2019 புகைமூட்டத்தில் வானமே அந்த நிறம் ஆனபோது வயிற்றைக் கலக்கியது. நமக்காவது மங்கிய ஆரஞ்சு, இந்தோனேசியாவில் ஜம்பி பக்கம் பட்டப்பகலில் ரத்தச் சிவப்பு. புகைத்துகள் நீலத்தைச் சிதறடித்துவிட்டுச் சிவப்பை மட்டும் விடுவதால் அப்படி என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். என் மகளுக்கு இழுப்பு, ஜன்னலுக்கு ஈரத்துணி கட்டி வைத்திருந்தோம். அண்ணனுக்கு அனுப்பலாம் என்று கைப்பேசியில் படம் எடுத்தால் சாதாரண மேகமூட்டம் மாதிரி சாம்பலாக வருகிறது! நாலைந்து தடவை எடுத்தேன். "என்னடா, மழை வருதா?" என்று பதில் அனுப்புகிறான்.


ஸ்கோப்பைப் பார், கோலாலம்பூர்

குலைக்கணக்கு அண்ணே, அது ஆட்டோ வைட் பேலன்ஸ் செய்த வேலை. வானம் இந்த நிறத்தில் இருக்காது என்று போனே முடிவு செய்து திருத்திவிடும். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ ஆரஞ்சு ஆனபோதும் இதே கூத்து, எல்லார் போனிலும் சாம்பல். அடுத்த முறை (வரவே வேண்டாம்) வைட் பேலன்ஸைக் கையால் 5600 கெல்வினில் பூட்டிவிட்டு எடுங்கள், கண்ணில் பட்டது விழும். பிளேட் ரன்னர் 2049இல் அந்த ஆரஞ்சு லாஸ் வேகாஸ்கூடக் கற்பனையில் முளைத்ததில்லை, 2009இல் சிட்னியில் அடித்த தூசிப்புயல் படங்களை வைத்து உருவாக்கியது. அதற்கும் டீக்கின்ஸ்தான்.


செம்பனைப் பொடியன், சுங்கை சிப்புட்

எல்லாருக்கும் நன்றி. ஒன்பது நாள் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், இதற்குள் பாதியைத் திரும்ப எடுத்தோம்.

முதல் பாதியில் மஞ்சள் இல்லை. அத்தை விளக்கைக் கட்டிக்கொண்டு காலை ஐந்து மணிக்கு அதே சிறுதோட்டத்தில் நின்றார். இருட்டறை மாமா சொன்னபடி முதலில் அத்தையின் கன்னத்துக்கு எக்ஸ்போஷர் வைத்தேன், வட்டத்துக்கு வெளியே நிறத்தை இறக்கினேன். உளி ஓடும் கோடும் மங்கில் (பால் கிண்ணத்தில்) சொட்டும் பாலும் மட்டும்தான் வெள்ளை. நாலு நிமிடம் அப்படியே போகிறது, கொஞ்சம் அதிகமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. உதிரும் சிவப்பு இலையை வெட்டவில்லை, ஆனால் அதன் மேல் கடைக்காரர் கடன் புத்தகத்தைப் புரட்டும் சத்தத்தை வைத்திருக்கிறேன்.

2057ஐத்தான் தலைகீழாக மாற்றினேன். டீச்சர், உங்கள் லயத்தைத் திருடிவிட்டேன். எல்லா வீடும் ஒரே இளம்பச்சை, ஒரே இளஞ்சிவப்புக் கதவு, புல் எல்லாம் அளந்து வெட்டியது, வெயில் நன்றாக அடிக்கிறது. ஒரே ஒரு வீட்டின் கேட்டில் பழைய பெயின்ட் உரிந்து அடியில் ஊதா தெரிகிறது. அது யார் வீடு என்று படத்தில் சொல்லவில்லை. எந்திரம் வந்து அதன் மேல் பூசிவிட்டுப் போகிறது, எட்டு நொடி ஷாட். 'சும்மா சொல்றேன்' அண்ணனுக்கு அந்த எட்டு நொடியை மட்டுமாவது அனுப்பி வைக்கிறேன்.

நேற்று பாட்டிக்குப் போட்டுக் காட்டினேன். இருட்டுப் பகுதியில் நாற்காலியை டிவிக்குக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டார். கொசு இருந்திருக்குமே, கொசுவத்தி கட்டவில்லையா என்று அத்தையைக் கேட்டார். 2057 வந்தபோது, "சுத்தமா இருக்கு. யாரு இருக்கா அங்க?" என்று மட்டும்தான்.

படம் முடிந்த பிறகு கூப்பிட்டு உட்கார வைத்து ஒரு தப்பைச் சொன்னார். அத்தை தலையில் கட்டியிருந்தது சிவப்புத் துண்டு. நான்தான் ஃபிரேமுக்கு நன்றாக இருக்கும் என்று தேடிப் பிடித்துக் கட்டிவிட்டேன். "சிவப்பு கட்ட மாட்டோம், பால் கறை பட்டா கறுப்பு கறுப்பா நிக்கும். பழைய கைலியக் கிழிச்சுக் கட்டுவோம், தாத்தாவோடது, நீலக் கட்டம் போட்டது."

அந்த நாலு நிமிடத்தையும் திரும்ப எடுக்க வேண்டும். இருட்டில் நீலக் கட்டம் எவ்வளவு தெரியும் என்று ஸ்கோப் அண்ணன் சொன்னால் நல்லது. வியாழக்கிழமை பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) கைலி தேடப் போகிறேன், புதுசாகத்தான் கிடைக்கும், பத்துத் தடவையாவது துவைக்க வேண்டியிருக்கும்.